பாறை துளையிட உயர் அழுத்த நீர்த்தாரை: பிட் முனைக்கு எத்தனை பார் தேவை?

கீழ்த்தளம்

வணக்கம். கடினப் பாறைச் சுரங்கங்களில் டிரில் செய்யும்போது பிட் (பாறையை உடைக்கும் தலை) முனையிலேயே உயர் அழுத்த நீர்த்தாரை வைத்தால் துளை வேகமாக இறங்கும் என்ற பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. 700 பார், 1000 பார் என்று எண்களும் சொல்கிறார்கள் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இப்போது ஜம்போக்களில் (துளையிடும் வண்டிகளில்) தூளைக் கழுவும் ஃப்ளஷிங் தண்ணீர் 10 முதல் 20 பார் வரைதான் போகிறது. அதை ஐம்பது மடங்கு ஏற்றினால் பாறை அப்படியே கழன்று வரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் கேள்வி நேரடியானது. பட்டன் பிட் (முகத்தில் கார்பைடு குமிழ்கள் பதித்த பிட்) அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நீர்த்தாரை கூடுதலாக என்ன செய்யும்? கிரானைட், குவார்ட்சைட் மாதிரி பாறையை மனதில் வைத்துச் சொல்லுங்கள். செய்து பார்த்தவர்கள், கணக்குப் போட்டவர்கள் இரு தரப்பும் வரலாம். விற்பனைக் கையேட்டை அப்படியே ஒட்ட வேண்டாம்.

நீர்முனை

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். இவற்றைக் குழப்புவதில்தான் பாதி வாக்குவாதம் பிறக்கிறது.

ஒன்று, ஃப்ளஷிங். உடைந்த தூளைத் துளையிலிருந்து வெளியே தள்ளுவதும் தூசை அடக்குவதும் பிட்டைக் குளிர்விப்பதும் இதன் வேலை. பாறையை வெட்டுவது இதன் வேலை இல்லை. இரண்டு, துணைத் தாரை. பிட்தான் பாறையை உடைக்கிறது. தாரை அதற்கு உதவுகிறது. மூன்று, தாரையே வெட்டுவது. இங்கே உலோகம் பாறையைத் தொடுவதே இல்லை.

இனி கணக்கு. 1000 பாரில் நாசிலை விட்டு வரும் நீரின் வேகம் நொடிக்கு சுமார் 447 மீட்டர், காற்றில் ஒலியின் வேகத்தைவிட அதிகம். 1 மி.மீ. நாசில் ஒன்று வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 லிட்டர் போகும். அதற்குச் செலவாகும் சக்தி 23 கிலோவாட். ஒரு நல்ல ஹைட்ராலிக் டிரிஃப்டர் (ஜம்போவில் ராடை அடித்துச் சுழற்றும் சுத்தியல் மிஷின்) பாறையை அடிக்கச் செலவிடுவதே 15 முதல் 25 கிலோவாட்தான். அதாவது ஒரே ஒரு நாசில் இன்னொரு டிரில் அளவுக்குச் சக்தியை விழுங்குகிறது. அந்தச் சக்தியைச் சுத்தியலுக்கே கொடுத்தால் என்ன என்ற கேள்வி இங்கேயே வந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 14 லிட்டர் ஃப்ளஷிங்குக்குப் போதாது. 45 மி.மீ. துளையில் 32 மி.மீ. ராட் (பிட்டை மாட்டிய கம்பி) ஓடுகிறது என்று வையுங்கள். இடைவெளியில் நீர் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் வேண்டும். அந்த 60 லிட்டரையும் 1000 பாருக்கு ஏற்றுவதென்றால் 100 கிலோவாட் பம்ப். ஜம்போவின் ஒவ்வொரு பூமுக்கும் (டிரிலைத் தாங்கும் கைக்கும்) ஒன்று! ஆகவே தாரைக்குத் தனிப் பாதை, ஃப்ளஷிங்குக்குத் தனிப் பாதை என்று இரட்டைக் குழாயில்தான் போய் முடியும்.

பழைய_துளையாளர்

நீர்முனை ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரி. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். இருக்கிற 15 பார் தண்ணீர் பிட் வரைக்கும் போகிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

மேடையில் கேஜ் 15 காட்டும். ராடின் உள்துளை 9 மி.மீ. இருந்தால் 60 லிட்டர் போகும்போது மீட்டருக்கு இரண்டரை பார் வரை உராய்விலேயே போய்விடும். 4 மீட்டர் ராடுக்கு 10 பார் போச்சு. மீதியில் ராடை டிரிஃப்டரோடு இணைக்கும் ஷாங்க், அடாப்டர், பிட் ஓட்டை எல்லாம் இருக்கிறது. பிட் முனையில் தண்ணீர் மூத்திரம் போவது போல் வந்தால் தூள் எப்படி வெளியே வரும்? உடைந்த தூளையே பிட் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். பட்டன் தேயும், ராட் சூடாகும், துளை நிற்கும். அப்புறம் பாறை ரொம்பக் கடினம் என்று ரிப்போர்ட் எழுதுவார்கள்.

டிரிலுக்குள் தண்ணீர் விட்ட கதையே தூசில் இருந்து வந்ததுதான். 1890களின் கடைசியில் கொலராடோவில் ஜார்ஜ் லேனர் உள்துளை போட்ட கம்பி வழியாக முதலில் காற்றை விட்டார். துளை சுத்தமானது, ஆனால் தூசு ஆளைக் கொன்றது. தொழிலாளர்கள் அந்த மிஷினைத் தொட மாட்டோம் என்றார்கள். அதற்கப்புறம்தான் காற்றோடு தண்ணீரும் சேர்த்தார். தண்ணீர் இல்லாத டிரிலுக்கு அந்தக் காலச் சுரங்கங்களில் வைத்த பெயர் விதவையாக்கி. கல்தூசால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து செத்தவர்களைப் பார்த்து வைத்த பெயர். வேகம் கூட்டுவதைப் பற்றிப் பேசும்போது தண்ணீர் முதலில் எதற்கு வந்தது என்பதை மறக்கக்கூடாது.

பாறையியல்_மாணவி

ஐயா, ஒரு சந்தேகம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ரோலா பல்கலைக்கழக வளாகத்தில் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் சிறிய பிரதி ஒன்று இருக்கிறது. 1984இல் திறந்தார்கள். சுமார் 160 டன் கிரானைட். அதை அங்கே நீர்த்தாரை ஆய்வு செய்த டேவிட் சம்மர்ஸ் குழுவினர் 1000 பார் அளவிலான வெறும் நீர்த்தாரையால் வெட்டினார்கள், மணல் கூடக் கலக்கவில்லை என்று படித்தேன். கிரானைட்டின் அமுக்க வலிமை 1500 முதல் 2500 பார் வரை இருக்குமே. அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் எப்படி வெட்டியது? அங்கே முடிந்தது துளைக்குள் ஏன் முடியாது?

நீர்முனை

நல்ல கேள்வி, தங்கச்சி. பாறையை நசுக்கித்தான் உடைக்க வேண்டும் என்பதில்லை. கிரானைட்டின் இழு வலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்று படிகங்கள் பின்னிக் கிடக்கும் பாறை; படிகங்களுக்கு நடுவே நுண்விரிசல்கள் இருக்கும். தாரை மோதும்போது நீர் அந்த விரிசலுக்குள் நுழைந்து உள்ளிருந்து தள்ளுகிறது. படிகம் படிகமாகப் பெயர்ந்து வரும். அதனால்தான் பெரிய படிகம் கொண்ட கிரானைட் நீர்த்தாரைக்கு மசிகிறது. அதே வலிமையுள்ள நுண்மணி பசால்ட் முரண்டு பிடிக்கிறது. நீர் ஊறும் மணற்கல் இன்னும் சுலபம். வலிமைப் பட்டியலை மட்டும் பார்த்து நீர்த்தாரை வேலை செய்யுமா என்று முடிவு செய்தால் ஏமாந்து போவோம்.

துளைக்குள் ஏன் கஷ்டம் என்பதற்கு இரண்டு காரணம்.

முதலாவது நேரம். கல்லை வெட்டும்போது தாரையை மெதுவாக, பல தடவை அதே கோட்டில் ஓட்டலாம். டிரிலில் அப்படி இல்லை. 45 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. துளை நிமிடத்துக்கு 2 மீட்டர் இறங்குகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. ஆழம். தாரை பிட்டுக்கு முன்னால் உருப்படியாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டுமானால் அந்த ஓட்டத்திலேயே, ஒரே தடவையில், அந்த அளவுக்கு வெட்ட வேண்டும். 1000 பார் தாரை கிரானைட்டில் அந்த வேகத்தில் அவ்வளவு ஆழம் போகாது. சுத்தியல் முந்திக்கொள்ளும்.

இரண்டாவது, துளைக்குள் தண்ணீர் நிறைந்திருக்கிறது. வெளியே காற்றில் பாயும் தாரை நாசில் விட்டத்தைப் போல நூறு மடங்கு தூரம் வரை கூட வீரியத்தோடு போகும். தண்ணீருக்குள் பாயும் தாரை சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு கலங்கிவிடுகிறது. அதன் உள்மையம் ஆறேழு விட்டத்துக்குள் கரைந்துபோகும். தொட்டிக்குள் முக்கிய ஹோஸ் வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கை வைத்தால் வேகம் தெரியாதே, அதே கதைதான். 1 மி.மீ. நாசில் என்றால் பாறைக்கு 6, 7 மி.மீ. கிட்டத்தில் நிற்க வேண்டும். பட்டன்கள் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவ்வளவு கிட்டத்தில் வைத்த நாசில் எத்தனை துளை தாங்கும்?

பாலிஅக்ரிலமைடு மாதிரி நீண்ட சங்கிலிப் பாலிமர் கொஞ்சம் கலந்தால் தாரை சிதறாமல் நிற்கும், குழாய் உராய்வும் குறையும். ஆய்வகங்களில் செய்திருக்கிறார்கள். அது இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

கரிமுகப்பு

கடினப் பாறைக்காரர்கள் கொஞ்சம் எங்கள் பக்கமும் பாருங்கள். நிலக்கரியில் நீர்த்தாரை கனவும் இல்லை, ஆய்வகச் சமாச்சாரமும் இல்லை. சோவியத் நாட்டில் தாரையாலேயே கரி வெட்டிய சுரங்கங்கள் ஓடின, கனடாவிலும் ஓடியது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் மீத்தேன் வடிக்கும் துளைகளை நீர்த்தாரையாலேயே போடும் முறையை வளர்த்தார்கள். முன்னோக்கிய நாசில்கள் கரியை வெட்டும்; பின்னோக்கிய நாசில்கள் ஹோஸைத் தள்ளிக்கொண்டு போகும். ராடும் இல்லை, சுத்தியலும் இல்லை. கரியில் விரிசல் ஏராளம், வலிமை குறைவு. அதனால் முடிகிறது.

பிரிட்டனில் 1980களில் ரோட்ஹெடரின் (சுழலும் தலையால் சுரங்கப்பாதை வெட்டும் மிஷின்) பிக்குகளுக்குப் (வெட்டும் பற்களுக்கு) பக்கத்தில் 700 பார் தாரை வைத்துப் பார்த்தார்கள். பிக் தேய்வு குறைந்தது, தூசு குறைந்தது, தீப்பொறி குறைந்தது. கரிச்சுரங்கத்தில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விஷயம். மணற்கல்லில் பிக் உரசும் இடத்தில் சிவக்கச் சூடான கோடு விழும். மீத்தேன் அங்கேதான் பற்றும். ஆனால் அந்தச் சூட்டை அணைக்க 700 பார் வேண்டியதில்லை. பிக்குக்குப் பின்னால் சரியான இடத்தில் விழும் குறைந்த அழுத்தத் தெளிப்பே பெரும்பாலும் போதும். பிற்காலத்தில் பரவலாக நிலைத்ததும் அதுதான். உயர் அழுத்த பம்பும் அதன் சீல்களும் மெல்லக் காணாமல் போயின.

கீழ்த்தளம்

மேற்கோள்: "சுத்தியல் முந்திக்கொள்ளும்"

அப்படியானால் தென்னாப்பிரிக்காவில் செய்தது என்ன? தங்கச் சுரங்க ஆய்வில் மைக்கேல் ஹுட் 1976இல் வெளியிட்ட கட்டுரையில், கடினப் பாறையை டிராக் பிட்டால் வெட்டும்போது முனைக்கு முன்னால் நீர்த்தாரை விட்டால் பிட்டின் மேல் விழும் விசை கணிசமாகக் குறைந்தது என்று காட்டியிருக்கிறாரே. கரி இல்லை, கடினப் பாறை. அங்கே நீர்த்தாரை தோற்கவில்லை.

நீர்முனை

தோற்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களே ‘டிராக் பிட்’ என்று எழுதிவிட்டீர்கள் பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

டிராக் பிட் பாறையைச் சுரண்டுகிறது. கார்பைடு முனை பாறையை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே போகும். முனைக்கு முன்னால் நசுங்கிய தூள் மெத்தை மாதிரி படிந்து, கொடுத்த விசையின் பெரும்பகுதியை அதுவே தின்னும். உரசும் சூட்டில் கார்பைடு இளகித் தேயும். தாரை அந்தத் தூளை உடனே அடித்துத் தள்ளுகிறது, முனையைக் குளிர்விக்கிறது, நசுங்கிய இடத்திலிருந்து கிளம்பும் விரிசலுக்குள்ளும் நுழைகிறது. அதனால்தான் பாறையைத் தனியாக வெட்ட முடியாத அழுத்தத்திலும் தாரையால் பலன் கிடைத்தது.

பட்டன் பிட் சுரண்டுவதில்லை. நொடிக்கு 50 தடவை அடிக்கிறது. அடிக்கு அடி விலகுகிறது. ஓர் அடிக்கு முக்கால் மி.மீ.கூட இறங்காது. உரசல் நேரம் மிகக் குறைவு, சூடும் குறைவு. தாரை தீர்த்துவைக்கிற நோய் அங்கே பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி தூள். அதை வெளியேற்ற அழுத்தத்தைவிட அளவுதான் முக்கியம். பழைய துளையாளர் முதலிலேயே சொன்னதும் இதுதான்.

சுழற்சி டிரில், மென்பாறையில் கூரை போல்ட் துளை, ரோட்ஹெடர் ஆகிய இடங்களில் துணைத் தாரைக்கு வாதம் இருக்கிறது. ஜம்போவில் கிரானைட்டுக்கு என்றால் என் ஓட்டு எதிராகத்தான்.

ஃபிட்டர்_மூன்றாம்ஷிஃப்ட்

எல்லாரும் பாறையைப் பற்றியே பேசுகிறீர்கள். மிஷினைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

நின்றுகொண்டிருக்கும் பம்பிலிருந்து சுற்றிக்கொண்டே அடிவாங்கும் ராடுக்குள் 1000 பார் தண்ணீரை ஏற்ற வேண்டும். சுழலும் சீல் வேண்டும். அந்த சீல் நிமிடத்துக்கு 3000 அடி அதிர்வில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது 15 பார் தண்ணீருக்கே ஃப்ளஷிங் ஹெட்டில் சீல் போய், தண்ணீர் டிரிஃப்டருக்குள் இறங்கி, எண்ணெய் பால் மாதிரி வெளுத்து வருவதைப் பார்க்கிறோம். 1000 பாரில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது ராட். ராடுகளை இணைக்கும் ஆர்32, டி38 திரெட் எல்லாம் அடியைக் கடத்தச் செய்தவை, அழுத்தத்தை அடைக்கச் செய்தவை இல்லை. கப்ளிங்கில் கசியும். உள்ளே தனிக் குழாய் போட்டால், ராட் சேர்க்கும்போதெல்லாம் அந்தக் குழாயையும் சேர்க்க வேண்டும். ராடின் உள்துளைச் சுவரில் துருப்பிடித்த சின்னக் குழியிலிருந்துதான் பல ராடுகள் முறிகின்றன. அந்தச் சுவருக்கு உள்ளிருந்து 1000 பார் கொடுத்தால் அதன் ஆயுள் கூடாது என்று சொல்ல ஃபிட்டரே போதும்.

நாசில் அடைப்பு இன்னொன்று. சுரங்கத்தில் சுற்றி வரும் தண்ணீரில் மண் இருக்கும். 1 மி.மீ. ஓட்டைக்கு நல்ல ஃபில்டர் இல்லாமல் ஒரு ஷிஃப்ட் ஓடாது.

கடைசியாக ஆள். உயர் அழுத்த ஹோஸில் ஊசிமுனைக் கசிவு இருந்தால் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. ஒருபோதும் வேண்டாம். தோலில் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது; உள்ளே தசைநார் நெடுக அழுக்குத் தண்ணீர் புகுந்திருக்கும். கட்டுப் போட்டு வேலைக்கு அனுப்பும் காயம் இல்லை அது. உடனே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், என்ன அழுத்தம், என்ன திரவம் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்

ஃபிட்டர் நண்பர் சொன்ன கடைசிப் பத்தியைப் பாதுகாப்புப் பகுதியில் மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். இழை தொடரலாம்.

பழைய_துளையாளர்

பாதுகாப்பு என்று வந்ததால் இதையும் போட்டுவிடுகிறேன். முந்தைய வெடியில் மிஞ்சிய குழிக்குள் வெடிக்காத மருந்து இருக்கலாம். அதில் பிட்டை வைக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தாரையையும் அடிக்கக்கூடாது. குறைந்த அழுத்தத்தில் முறைப்படி கழுவி எடுப்பது வேறு, 1000 பாரில் குத்துவது வேறு.

அதோடு ஆன்ஃபோ (அம்மோனியம் நைட்ரேட்டில் எரியெண்ணெய் கலந்த வெடிமருந்து) தண்ணீரில் கரையும். துளைக்குள் எவ்வளவு தண்ணீர் விடுகிறோமோ அவ்வளவு ஊதிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தாங்கும் எமல்ஷன் மருந்துக்குப் போக வேண்டும். தரையில் களிமண் கலந்த பாறை இருந்தால் ஊறி உப்பும், வண்டி ஓடாது. கீழே விட்ட ஒவ்வொரு லிட்டரையும் மேலே ஏற்ற பம்ப் ஓட்ட வேண்டும். டிரில் வேகத்தை மட்டும் எழுதும் கட்டுரைகளில் இந்தச் செலவு வராது.

வடக்குத்துளை

தாமதமாக வருகிறேன். உயர் அழுத்த நீர் கடினப் பாறையில் வென்ற இடம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நீரைப் பாறை மேல் பாய்ச்சாமல் சுத்தியலை ஓட்டப் பயன்படுத்தினார்கள்.

ஸ்வீடனில் எல்கேஏபி நிறுவனத்தின் இரும்புச் சுரங்கங்களில் வளர்ந்த வஸ்ஸாரா என்ற துளையடிச் சுத்தியல். துளைக்குள்ளேயே பிட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். 180 பார் வரையிலான நீர் பிஸ்டனை ஓட்டும். வேலை முடித்த நீர் மெதுவாக வெளியேறித் தூளை ஏற்றிக்கொண்டு வரும். அளவு நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர், ஃப்ளஷிங்குக்குத் தாராளம். நீண்ட துளைகள் கோணாமல் போகின்றன. காற்றில் ஓடும் சுத்தியலில் வரும் எண்ணெய் மூட்டம் இல்லை. நிபந்தனை ஒன்றுதான், நீர் சுத்தமாக இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இன்னும் அழகாகச் செய்தார்கள். ஆழச் சுரங்கங்களில் வெக்கை தாங்க எப்படியும் குளிர்நீரை மேலிருந்து கீழே அனுப்ப வேண்டும். 1800 மீட்டர் கீழே வரும்போது அந்த நீர்த்தம்பத்தின் எடையே சுமார் 180 பார். பம்ப் போடாமலே கிடைக்கும் அந்த அழுத்தத்தில் டிரில் ஓட்டினார்கள், வெடித்த கல்லை ஸ்டோப்பில் (தாது வெட்டி எடுக்கும் இடத்தில்) தாரையால் அடித்துத் தள்ளினார்கள். நார்தம் பிளாட்டினச் சுரங்கத்தை ஆரம்பத்திலிருந்தே இந்த முறைக்கென்று திட்டமிட்டார்கள். காற்றால் ஓடும் டிரில்லைவிட இரைச்சலும் குறைவு.

கீழ்த்தளம்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. நீரின் சக்தி பிஸ்டன் வழியாகப் போகட்டும், தூளை நீரின் அளவு பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஏற்கெனவே ஹைட்ராலிக் ஜம்போ வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நீர்முனை

அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1970களில் ஹைட்ராலிக் டிரிஃப்டர் வந்ததும் காற்று டிரில்லைவிட வேகம் வெகுவாக ஏறிவிட்டது. நீர்த்தாரை ஆய்வுகள் நிரப்ப நினைத்த இடைவெளியை அதுவே நிரப்பிவிட்டது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு முகப்பில் துளை போட்டபின் மருந்து ஏற்றி, வெடித்து, புகை போகக் காத்திருந்து, கல் அள்ளி, தளர்ந்த கல்லைத் தட்டி இறக்கி, போல்ட் அடிக்க வேண்டும். துளையிடும் நேரம் மொத்தச் சுற்றில் கால் பங்கு என்று வைத்தால், டிரில் வேகத்தை 30 சதவீதம் கூட்டினாலும் மொத்தத்தில் குறைவது 6 சதவீதத்துக்குள்தான். உயர் அழுத்த சீல் ஒன்று போய் ஒரு மணி நேரம் நின்றால் அதுவும் காலி.

பாறையியல்_மாணவி

அப்படியானால் என் செயல்திட்டத்தைத் துணைத் தாரையில் செய்யாமல் ஃப்ளஷிங் அளவில் செய்யலாமா அண்ணா? எதை எப்படி அளப்பது?

பழைய_துளையாளர்

தாராளமாகச் செய், அம்மா. மேடையில் உள்ள கேஜை நம்பாதே. பிட், ராட் எல்லாம் மாட்டியபடியே, அடியையும் சுழற்சியையும் நிறுத்திப் பூட்டிவிட்டு, ஃப்ளஷிங்கை மட்டும் திறக்கச் சொல். பிட்டை ஒரு டிரம்முக்குள் விட்டு, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார். புது பிட், தேய்ந்த பிட், உள்துளை பெரிய ராட், சிறிய ராட் என்று மாற்றி மாற்றி அள. அதே அமைப்புகளில் ஒரே பாறையில் துளை இறங்கும் வேகத்தையும் குறித்துக்கொள். வெளியே வரும் தூளையும் பிடித்து சல்லடையில் சலித்துப் பார். கொரகொரப்பாக வந்தால் பிட் பாறையை உடைக்கிறது. மாவாக வந்தால் தூளை அரைக்கிறது.

ஃபிட்டர்_மூன்றாம்ஷிஃப்ட்

பிட்டின் முன் ஓட்டை, பக்க ஓட்டை இரண்டையும் அளப்பதற்கு முன்னால் கம்பி விட்டுக் குத்திப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பாதி நாள் அதில்தான் கல் சிக்கியிருக்கும்.